பக்கம் மூன்றில் வாசல்

எங்கள் ஊரில் வீட்டு வாசலில் எதையாவது கட்ட வேண்டுமென்றால், மனுவோடு வாசலையும் நகராட்சியில் ஒப்படைக்க வேண்டும். வாசல் என்று நான் சொல்வது வீட்டுப் படிக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை. அனுமதி கிடைக்கும்வரை அது கோப்பில் இருக்கும். கிடைத்ததும் கொண்டுவந்து பழைய இடத்தில் விரித்துவிட்டுப் போவார்கள்.

என் வாசலை எடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். நான் கடையில் இருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு டீச்சருக்குக் கண்ணாடியின் காதுப்பிடியை வளைத்துச் சரி செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஜெபராஜ் போன் செய்தார்.

"அருணகிரி சார், உங்க வாசலை எடுத்துட்டுப் போயிட்டாங்க. மேடம் அப்பதான் துணி காயப்போட வெளிய வந்தாங்க. அவங்களும் அதோட போயிட்டாங்க."

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். படியை ஒட்டி ரோடு இருந்தது. கேட் இல்லை, சுற்றுச்சுவர் இல்லை, செடிகள் இல்லை, சௌந்தரம் இல்லை. உள்ளே அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அதை அணைத்தேன்.

வாசலை எடுக்கும்போது அதில் ஆட்கள் நிற்கக் கூடாது என்பது மனுப் படிவத்தின் பின்பக்கத்தில் எட்டாவது நிபந்தனை. அதை நான் படித்திருந்தேன். சௌந்தரத்திடம் சொல்லவில்லை. மனு போட்டதையே சொல்லவில்லை.

சொன்னால் விட்டிருக்க மாட்டாள். எனக்கு வாசல் முழுக்க டைல்ஸ் பதித்து, மேலே தகடு போட்டு, ஸ்கூட்டரை நனையாமல் நிறுத்த வேண்டும். அவளுக்கு மண் வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஏழு வாடகை வீடுகளில் இருந்தோம். ஏழிலும் அவள் செடி வைத்தாள். ஏழிலும் பூக்கிற நேரத்தில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். எட்டாவதாக இந்தச் சொந்த வீட்டுக்கு வந்த அன்று பால் காய்ச்சுவதற்கு முன்பே ஒரு பவழமல்லிக் கன்றை நட்டாள். மூன்று வருடத்தில் அது அவள் இடுப்புயரத்துக்கு வந்திருந்தது. டைல்ஸ்காரர் அதை எடுத்தால்தான் மட்டம் வரும் என்று சொல்லியிருந்தார்.

நகராட்சியில் எங்கள் பகுதிக் கோப்புகளை இசக்கியம்மாள் என்பவர் பார்க்கிறார். ஐம்பது வயதிருக்கும். அமைதியானவர். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மனுதாரர் அருணகிரி. வாசல் ஒன்று. உள்ளடக்கம்: பவழமல்லி ஒன்று, செம்பருத்தி இரண்டு, தண்ணீர்க் குழாய் ஒன்று, துணிக்கொடி ஒன்று, மனைவி ஒருவர்.

"மேடம், அவங்களை மட்டும் தனியா எடுத்துக் குடுக்க முடியாதா?"

"பக்க எண் போட்டாச்சு சார். நடுவுல ஒண்ணை உருவினா கோப்பு செல்லாமப் போயிடும். அனுமதி வாங்கிடுங்க, அவங்களும் சேர்ந்தே வந்துடுவாங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"முப்பது நாளைக்குள்ள முடிச்சா நம்ம பிரிவுலயே முடிஞ்சிடும். தாண்டிட்டா பதிவறைக்குப் போகும்."

"பதிவறையில இருந்து?"

"அது வேற பிரிவு சார்."

பார்க்கலாமா என்று கேட்டேன். கோப்பின் நாடாவை அவிழ்த்து மூன்றாம் பக்கத்தை விரித்தார். மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல வாசல் தெரிந்தது. சௌந்தரம் துணிக்கொடிக்குப் பக்கத்தில் ஈரத் துண்டோடு நின்றாள். வெளிச்சம் விழுந்ததும் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தாள்.

"அடுப்பை அணைச்சீங்களா?"

"அணைச்சிட்டேன்."

"என்ன மனு இது?"

"சும்மா, சின்ன வேலை. சீக்கிரம் முடிஞ்சிடும்."

இசக்கியம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

சாப்பாட்டை இணைப்பாகத்தான் கொடுக்க முடியும். காலையில் இட்லியைப் பொட்டலமாகக் கட்டி, மேலே இணைப்பு ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தபால் பிரிவில் முத்திரை வாங்கி, இசக்கியம்மாளிடம் சேர்ப்பேன். அவர் அதைக் கோப்பில் கோத்துவிடுவார். மத்தியானம் சாதம், இணைப்பு இரண்டு. குழம்பு தனி இணைப்பு. முதல் வாரத்தில் பதினாறு இணைப்புகள் ஆகிவிட்டன. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அலுவலகத்தின் குழல்விளக்குதான் அவளுக்குப் பகல். கோப்பு திறந்திருந்தால் நல்ல வெயில். மூடியிருந்தால் விளிம்பு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். ஐந்தே முக்காலுக்கு விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை அணைத்தால் திங்கட்கிழமைதான். முதல் வெள்ளியன்று டார்ச் லைட்டை இணைப்பாகக் கொடுத்தேன். மின்சாதனம் என்பதால் தடையின்மைச் சான்று கேட்டார்கள். மெழுகுவர்த்திக்குத் தீயணைப்பு நிலையத்தின் சான்று. இரண்டும் இல்லாமல் கோப்பு மூடப்பட்டது.

திங்கட்கிழமை கதவு திறப்பதற்கு முன்பே நான் அலுவலக வாசலில் நின்றேன். இசக்கியம்மாள் கோப்பைத் திறந்தபோது அவள் பவழமல்லிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன செய்தே ரெண்டு நாளும்?"

"தூங்கினேன். முழிச்சேன். மறுபடி தூங்கினேன்." செடியைத் தொட்டுக் காட்டினாள். "இலை மஞ்சளாகுது."

இன்னொரு சங்கடமும் இருந்தது. கோப்புகளை அடுக்கி வைப்பார்கள். எடை குறைந்த கோப்பு மேலே இருந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரம் ஒரு கல்யாண மண்டபத்தின் கோப்பை எங்கள் கோப்பின் மேல் வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வானம் தலையைத் தொட்டுவிட்டதாம். அன்று முதல் கடையைத் திறக்கவில்லை. பத்து மணிக்குப் போய் இசக்கியம்மாளின் மேசைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். யாராவது தடிமனான கோப்போடு வந்தால் எழுந்து நிற்பேன். அவர்கள் அதை வேறு அடுக்கில் வைப்பார்கள்.

அந்த பெஞ்சில் ஒரு அம்மாள் மாதத்தில் ஒருநாள் வந்து உட்காருவார். கையில் தூக்குவாளி. அவருடைய கணவர் கிணறு வெட்ட மனு போட்டு, ஆறு வருடத்துக்கு முன் பதிவறைக்குப் போனவர்.

"அங்க இணைப்பு வாங்குறதில்ல தம்பி" என்றார். "ஆனாலும் சமைச்சா எடுத்துட்டு வரணும்னு தோணும். வந்து, உட்கார்ந்து, போயிடுவேன்."

தூக்குவாளியிலிருந்து மீன் குழம்பின் வாசனை வந்தது. நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு போயிருந்தது.

பதினைந்தாம் நாள் இசக்கியம்மாள் என்னை அருகில் கூப்பிட்டார்.

"சார், உங்க கோப்புல ஒரு ஆட்சேபணை வந்திருக்கு."

"யாரு? ஜெபராஜா?"

"சம்பந்தப்பட்ட இடத்துல இருக்கிறவங்க."

இட்லி கட்டிய தாளின் உட்பக்கத்தில், துணிக் கிளிப்பின் கம்பியால் செம்பருத்திச் சாற்றைத் தொட்டு எழுதியிருந்தாள். எழுத்து தெளிவாக இருந்தது. 'பக்கம் ஒன்றில் உள்ள மனுவைப் படித்தேன். எனக்குத் தெரியாமல் போடப்பட்டுள்ளது. டைல்ஸ் பதிப்பதையும் தகடு போடுவதையும் ஆட்சேபிக்கிறேன். பவழமல்லியை எடுக்க சம்மதம் இல்லை. இப்படிக்கு, சௌந்தரம், பக்கம் மூன்று.'

ஆட்சேபணை வந்தால் விசாரணை வைக்க வேண்டும். விசாரணைக்கு இருபத்தெட்டாம் நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் நாள் இல்லை. அதுவரை கோப்பு நகராது.

நான் மேசையின் மேல் குனிந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. செம்பருத்தியின் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"சௌந்தரம், ஆட்சேபணையை வாபஸ் வாங்கிடு. நாள் போயிட்டே இருக்கு."

"நீங்க மனுவை வாபஸ் வாங்குங்க."

"வாபஸ் வாங்கினா வாசல் திரும்பி வராது. நகராட்சிக்கே சொந்தமாயிடும். பதினொண்ணாவது நிபந்தனை."

அவள் இலையைக் கீழே போட்டாள்.

"அதையும் படிச்சிருந்தீங்க."

"படிச்சிருந்தேன்."

"எட்டையும்?"

பக்கத்து மேசையில் ஒருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் வாசலில் கொடிக் கயிறு லேசாக ஆடியது.

"மூடிடுங்க மேடம்" என்றாள் சௌந்தரம். இசக்கியம்மாள் மூடினார்.

அடுத்த மூன்று நாள் இணைப்புகள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. நான்காம் நாள் இசக்கியம்மாளிடம் வேறு வழி கேட்டேன். மாற்று வரைபடம் கொடுத்தால் பழைய மனுவின் எண்ணிலேயே எடுத்துக்கொள்வார்கள் என்று இசக்கியம்மாள் சொன்னார். மாற்று வரைபடத்துக்கு ஆட்சேபணை செய்தவர் சம்மதித்தால் விசாரணை ஐந்து நிமிடத்தில் முடியும். நான் ஒரு பெரிய தாளும் பென்சிலும் அளவுகோலும் வாங்கிக்கொண்டு போய், கோப்பைத் திறக்கச் சொன்னேன்.

"டைல்ஸ் வேணாம்" என்றேன். "தகடும் வேணாம். என்ன வேணும்னு சொல்லு, வரையறேன்."

இசக்கியம்மாள் கோப்பை மூடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கை வலித்திருக்கும்.

"நடக்க ஒரு பாதை" என்றாள் கடைசியில். "ரெண்டு அடி. கருங்கல்லு, நடுவுல புல்லு."

வரைந்தேன்.

"வலது பக்கம் அவரைப் பந்தல். பந்தலுக்கு அனுமதி வேணுமான்னு கேளுங்க."

வேண்டும் என்றார் இசக்கியம்மாள். அதையும் வரைந்தேன்.

"ஸ்கூட்டரை எங்க நிறுத்துவீங்க?"

"ரோட்டுல நிறுத்திக்கிறேன்."

"பந்தலுக்குக் கீழ நிறுத்துங்க. பூ விழும், தொடச்சிக்கணும்." பிறகு கேட்டாள். "சாப்பாடு கொண்டாந்தீங்களா?"

இணைப்பு நாற்பத்து மூன்றைக் கொடுத்தேன். தக்காளி சாதம். உப்பு அதிகம் என்றாள், ஆனால் சாப்பிட்டாள்.

மாற்று வரைபடம் என்பதால் புதிதாக அளக்க வேண்டியிருந்தது. நில அளவர் கோயில்பிச்சை இருபத்தேழாம் நாள் மூன்று மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் நீலப் பென்சிலும் பேனாக்கத்தியும் வைத்திருந்தார். வாசலை மேசைமேல் முழுவதும் விரித்து, அளவுநாடாவை வைத்து, ரோட்டுப் பக்கமாக நீலத்தில் ஒரு கோடு போட்டார்.

"சாலை விரிவாக்கத்துக்கு இவ்வளவு விடணும் சார். வெட்டிட்டுத்தான் அளவு எழுத முடியும்." பிறகு குனிந்து சொன்னார். "அம்மா, கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க."

பவழமல்லி கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சௌந்தரம் கோட்டைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். பிறகு மண்டிபோட்டு உட்கார்ந்து கையால் தோண்ட ஆரம்பித்தாள்.

"அம்மா, எனக்கு நாலு மணிக்கு இன்னொரு வாசல் இருக்கு."

"பக்கத்து வேர் வந்துடுச்சு. ஆணிவேர் வரணும்."

கோயில்பிச்சை கத்தியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இன்று வெட்டாவிட்டால் அவர் அடுத்து வருவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள். சௌந்தரம் முழங்கை வரை மண்ணுக்குள் விட்டிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு வந்து ஈரமாக்கித் தோண்டினாள். மேசை விளிம்பில் தண்ணீர் சொட்டியது. இசக்கியம்மாள் ஒரு துணியை எடுத்து ஒற்றினார். மூன்று ஐம்பதுக்கு நகரமைப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து அறைக் கதவருகே நின்று, "பிச்சை சார், ஜீப் கிளம்புது" என்றார்.

"சௌந்தரம், வந்துடு" என்றேன். "வேற கன்னு வாங்கிக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். முகம் முழுக்க மண்.

"ஏழு வீட்டுலயும் இதைத்தான் சொன்னீங்க."

கோயில்பிச்சையின் கையைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சவில்லை. வெறுமனே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உதறவில்லை. ஜீப் ஒருமுறை ஹார்ன் அடித்தது. இரண்டாவது முறை அடித்தபோது ஆணிவேர் வெளியே வந்தது. அவள் செடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். நான் மணிக்கட்டை விட்டேன். ஒரே இழுப்பு. வெட்டிய துண்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அளவை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அவர் போனார்.

மறுநாள் விசாரணை. ஆணையாளர் கேட்டார், "மாற்று வரைபடத்துக்குச் சம்மதமா?" கோப்பிலிருந்து குரல் வந்தது, "சம்மதம்." ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் உத்தரவு எழுத ஒருநாள், அதைச் சரிபார்க்க ஒருநாள். முப்பதாம் நாள் காலையில் ஆணையாளருக்கு மாறுதல் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து மணிக்குப் பொறுப்பை ஒப்படைக்கிறார். புதியவர் சேர ஒரு வாரம் ஆகும். மூன்று மணிக்குப் பதிவறையிலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்து இசக்கியம்மாளின் மேசைக்குப் பக்கத்தில் நின்றது. முப்பது நாள் முடிந்த கோப்புகளை அதில் அடுக்கினார்கள். எங்கள் கோப்பைத் தட்டச்சுப் பிரிவிலிருந்து வாங்கிவரத் தள்ளுவண்டிக்காரர் இரண்டு தடவை கிளம்பினார். இரண்டு தடவையும் இசக்கியம்மாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்.

தட்டச்சர் நாலேகாலுக்குத்தான் எங்கள் உத்தரவை எடுத்தார். நான் அவர் பின்னால் நின்றேன். நிற்காதீர்கள், பிழை வரும் என்றார். தள்ளி நின்றேன். நாலு நாற்பதுக்குத் தாளை உருவினார். இசக்கியம்மாள் அதைப் படிக்கவில்லை. கோப்பை மார்போடு பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். ஆணையாளர் வழியனுப்பப் போட்ட மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் ஏறப் போனார். கார்க் கதவின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மணி நாலு ஐம்பத்திரண்டு.

பிரிவுக்குத் திரும்பியதும் இசக்கியம்மாள் தள்ளுவண்டிக்காரரிடம், "இது முடிஞ்சிடுச்சு, நீங்க போகலாம்" என்றார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். நான் நன்றி சொன்னேன். "காலையில கதவைச் சாத்தி வச்சிக்கோங்க சார். விரிக்கும்போது உள்ள இருக்கணும்" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். வழக்கமாக இருபது நிமிடத்தில் விரித்துவிடுவார்கள் என்று ஜெபராஜ் சொல்லியிருந்தார். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பிறகு கதவிடுக்கு வழியாக உத்தரவின் நகலைத் தள்ளினார்கள். பாதை, பந்தல் எல்லாம் சரியாக இருந்தது. நீளம் 4200 மீட்டர் என்று இருந்தது. கோயில்பிச்சை எழுதியது நாலு புள்ளி இரண்டு சுழி சுழி. தட்டச்சில் புள்ளி விழவில்லை.

கதவைத் திறந்தேன். ஈர மண் வாசனை வந்தது. இரண்டு பக்கமும் சுற்றுச்சுவர் நேராகப் போய்த் தூரத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. கேட் தெரியவில்லை. சௌந்தரம் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். இசக்கியம்மாளுக்குப் போன் செய்தேன்.

"திருத்தம் வேணும்னா மனு போடலாம் சார்."

"வேண்டாம் மேடம்."

"நானும் அதான் நினைச்சேன்."

தண்ணீர் பாட்டிலையும் நாலு இட்லியையும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தேன். முதல் செம்பருத்தியைத் தாண்ட இருபது நிமிடம் ஆனது. குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அது அவள் மேலும் விழுந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது கால்கள் கொஞ்சம் வேகமாகப் போயின.

பாதி தூரத்தில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. நிழற்குடையில் குடையோடு ஒருவர் நின்றார். கேட் பக்கமிருந்து வருகிற பஸ் பதினொன்றேகாலுக்கு வந்து இங்கேயே திரும்பிவிடும், இன்று ஐந்து நிமிடம் தாமதம் என்றார். அவர் பக்கத்தில் நின்றேன். பஸ் வந்தது. நாலைந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக சௌந்தரம் இறங்கினாள். நகத்துக்குள் மண் இருந்தது. இளைத்திருந்தாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி முழுவதும் குடித்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

வீட்டுக்குப் போகிற பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும் என்று குடைக்காரர் சொன்னார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தோம்.